ஒரு தரம்!

“ஒரு தரம்! இரண்டு தரம்! மூன்று தரம்!”

குரல் ஓங்கி ஒலிக்கிறது. மரச்சுத்தி மேசைமீது விழுகிறது. மூன்று தலைமுறை முகம் பார்த்த நிலைக்கண்ணாடி, கண்ணிமைக்கும் நேரத்தில் வேறொரு வீட்டுக்குச் சொந்தமாகிவிடுகிறது. கொடுத்தவர் முகத்திலே துயரம். எடுத்தவர் முகத்திலே வெற்றி. இடையில் நின்றவர் கையிலே தரகு. இதுதான் ஏலம்.

‘ஏலம்’ என்ற சொல் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து நமக்கு வந்தது என்பர் அகராதி அறிஞர். கப்பலில் வந்த சொல், கடைத்தெருவில் நடந்து, வீட்டுத் திண்ணையிலும் ஏறிவிட்டது. ஆனால், ஏலக்காரர் கூவுகிறாரே ‘தரம்’, அதற்குத் தமிழில் இரு பொருள் உண்டு. தடவை என்பது ஒன்று; தகுதி என்பது மற்றொன்று. தரம், தரம், தரம் என்று மும்முறை முழங்குகிறார்கள். அங்கே கூடியிருப்போரில் ஒருவரேனும் தரத்தைப் பற்றி எண்ணுகிறாரா? பொருளின் தரத்தைப் பலர் எண்ணுவர். தட்டிப் பார்ப்பர், தடவிப் பார்ப்பர், கண்ணாடி வைத்து உற்றுப் பார்ப்பர். வாங்குகின்ற செயலின் தரத்தை எண்ணுவோர் எத்தனை பேர்?

பழம்பொருள் சேர்ப்பது பண்பாடா, பகட்டா? பாதுகாப்பா, பறிப்பா? இந்தக் கேள்வி நமக்கு நூலைப் படித்ததால் எழுந்ததன்று, நாணத்தால் எழுந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

செட்டிநாட்டு ஊர் ஒன்றில், பழைய மாளிகை ஒன்றின் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. பள்ளியில் பாடம் சொல்லிப் பிழைக்கும் நமக்கு அங்கே என்ன வேலை? இசைத்தட்டுகள் வருகின்றன என்று கேள்விப்பட்டுச் சென்றோம். தேக்குத் தூண்களும் பித்தளை அண்டாக்களும் பெரிய கைகளுக்குப் போயின. கை கொண்டு சுற்றும் கிராமபோன் பெட்டி ஒன்றும், அரக்குத் தட்டுகள் சிலவும் நம் கைக்கு வந்தன. அவற்றிலே ஒன்று கிட்டப்பாவின் தட்டு. மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போயிற்று. ஆயினும் மகிழ்ச்சி மலைபோல் உயர்ந்தது.

அப்போது, கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த மூதாட்டி ஒருவர் அருகே வந்தார். அந்த வீட்டு அடுப்படியில் நாற்பது ஆண்டுக்கு மேல் உழைத்தவர் என்று பிறகு அறிந்தோம்.

“தம்பி, அதை ஒரு தரம் பாட விடுவீகளா? அடுப்படியிலேருந்தே கேட்டதுதான். பெட்டி கிட்ட நின்னு கேட்டதில்லை.”

ஒரு தரம். அவ்வளவுதான் கேட்டார். ஒருமுறை ஓட்டினால் தட்டு ஒருமுறை தேயும் என்று சற்று முன்புதான் ஒருவர் நம் காதில் ஓதியிருந்தார். “ஊசி இல்லையே, பாட்டி” என்றோம். புதிய ஊசிகள் நிறைந்த தகரச்சிமிழ் அப்போது நம் சட்டைப்பையில் இருந்தது.

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அன்றிரவு அந்தத் தட்டை நாமும் கேட்கவில்லை. கேட்க மனம் வரவில்லை.

* * *

தோழர்களே! ஏலத்தில் நாம் உண்மையில் எதை வாங்குகிறோம்? பொருளையா, பாட்டையா, பழமையையா? அல்லது ‘பிறரிடம் இல்லை’ என்னும் பெருமிதத்தையா?

1968ஆம் ஆண்டு பீட்டில்ஸ் குழுவினர் வெள்ளை அட்டை போர்த்திய இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டனர். ஒவ்வொரு படிக்கும் எண் இட்டனர். முதல் எண் பொறித்த படி, அக்குழுவின் முரசறைஞர் ரிங்கோ ஸ்டாரிடம் இருந்தது. பல ஆண்டுகள் வங்கிப் பெட்டகத்தில் கிடந்த அத்தட்டு, 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்து 7,90,000 டாலருக்குப் போயிற்று. அந்தத் தட்டிலுள்ள பாட்டும், இலட்சக்கணக்கானோர் வீட்டிலிருந்த தட்டின் பாட்டும் ஒன்றே. ஒரு சுரம் கூடவில்லை, ஒரு சொல் மாறவில்லை. பிறகு எதற்கு அந்த விலை? பாட்டுக்கன்று, எண்ணுக்கு! செவிக்கன்று, செருக்குக்கு!

“விலைதானே மதிப்பைக் காட்டுகிறது?” என்பர் சிலர். ஏலத்தின் இயல்பை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏல விலையை உலகம் முடிவு செய்வதில்லை. இருவர் முடிவு செய்கின்றனர். வென்றவரும், அவருக்கு அடுத்தபடி நின்று தோற்றவரும்! தோற்றவர் எந்த இடத்தில் வாய் மூடினாரோ, அதற்கு ஒரு படி மேலே விலை நிற்கிறது. அப்பொருளை உயிராய் நேசிக்கும் ஆயிரம் பேர் வாயிற்புறத்தில் வெறுங்கையுடன் நின்றாலும், அவர்கள் அன்புக்கு அந்தக் கணக்கிலே இடமில்லை. மூதாட்டியின் நாற்பதாண்டு ஏக்கம், ஏலக் கணக்கில் பூச்சியம். இது மதிப்பைக் காட்டும் அளவுகோலா, மடிக்கனத்தைக் காட்டும் அளவுகோலா?

இன்னொரு வகையைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டு மார்ச்சில் நியூயார்க் நகரில் காந்தியாரின் மூக்குக்கண்ணாடி, காலணி, கடிகாரம், உண்கலம் ஆகியவை ஏலத்தில் விடப்பட்டன. 18 இலட்சம் டாலர் கொடுத்து எடுத்தவர் மதுபானத் தொழிலதிபர் விஜய் மல்லையா. மதுவை ஒழிக்க வேண்டும் என்றவரின் தட்டும் கிண்ணமும் மது விற்ற காசில் மீட்கப்பட்டன! 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஏலக்காரர் ஒருவரின் அஞ்சற்பெட்டியில், சாதாரண உறை ஒன்றில் வைத்துக் காந்தியாரின் மற்றொரு கண்ணாடியை யாரோ செருகிவிட்டுப் போயிருந்தனர். அது 2,60,000 பவுனுக்கு விலைபோயிற்று.

கண்ணாடி வாங்கலாம், பார்வையை வாங்க முடியுமா? உடைமை வேண்டாம் என்று வாழ்ந்த ஒருவரின் உடைமைக்கு இத்தனை போட்டி! பெரியோர் தொட்ட பொருளில் ஏதோ ஆற்றல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பல்லையும் நகத்தையும் பேழையில் வைத்துப் போற்றுவோரைக் கண்டு நாம் நகைக்கிறோம். படித்தவர் கூடும் ஏல மண்டபத்தில், குளிர்காற்றுப் பெட்டியின் கீழே நடப்பதும் அந்தப் பழைய மயக்கமன்றோ? வரலாற்றுச் சான்று என்று ஒரு பொருளைக் காப்பது அறிவு. தொட்டாலே பெருமை வந்து சேரும் என்று அதை வாங்குவது மூடநம்பிக்கை.

* * *

இந்த மனப்போக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சான்று ஒன்று உண்டு.

அமெரிக்காவின் வூ-டாங் கிளான் என்னும் இசைக்குழு, ஒரே ஒரு படி மட்டும் கொண்ட இசைத்தொகுப்பை உருவாக்கியது. 31 பாடல்கள், வேலைப்பாடு மிக்க வெள்ளிப் பேழை. 88 ஆண்டுகள் கழியும்வரை வணிக முறையில் வெளியிடலாகாது என்பது கட்டுப்பாடு. 2015ஆம் ஆண்டு 20 இலட்சம் டாலர் கொடுத்து அதை வாங்கியவர் மார்ட்டின் ஷ்க்ரேலி. யார் இவர்? மாத்திரை ஒன்று 13.50 டாலருக்கு விற்ற நோய்மருந்தை, அதே 2015ஆம் ஆண்டில் 750 டாலராக உயர்த்தி உலகின் வசையைப் பெற்றவர்!

இந்த இரு செயல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நோயாளிக்கும் மருந்துக்கும் நடுவே நின்றார். செவிக்கும் இசைக்கும் நடுவே நின்றார். இரண்டிலும் ஒரே இலக்கணம்: “எனக்கு வேண்டும் என்பதைவிட, உனக்குக் கிடைக்கக்கூடாது என்பதிலேதான் என் செல்வம் இருக்கிறது.” பின்னர் அவர் பங்குப்பத்திர மோசடிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார், அமெரிக்க அரசு அத்தொகுப்பைப் பறிமுதல் செய்தது, 2021ஆம் ஆண்டு விற்றது, 40 இலட்சம் டாலருக்குக் கைமாறியது. 2024ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவிலுள்ள அருங்காட்சியகம் ஒன்றில், சிறு சிறு கூட்டங்களுக்கு அதன் ஒரு பகுதி ஒலிக்கச் செய்யப்பட்டது. பாடிய பாட்டு பத்துப் பேர் காதில் விழுவதற்கு இத்தனை வழக்கு, இத்தனை கோடி, இத்தனை ஆண்டு!

“ஓவியத்துக்கு ஒரே படிதானே? இசைக்கு மட்டும் ஏன் கூடாது?” என்று அக்குழுவினர் வாதிட்டனர். வாதத்தில் வலு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஓவியம் ஒன்றாக இருப்பது அதன் பிறவி. இசைத்தட்டு ஒன்றாக இருப்பது அதன்மேல் இட்ட விலங்கு. தட்டு என்ற கருவியே ஏன் தோன்றிற்று? அரண்மனைக்குள் ஒலித்த குரல் ஆற்றங்கரைக் குடிசையிலும் ஒலிக்கவே தோன்றிற்று. 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையார், ஒலிப்பதிவுக் கொம்பின் முன் நின்று பாடி, முடிவில் தம் பெயரையும் உரக்கச் சொன்னார். அதற்கு முன்பு சீமான்களின் கூடத்தில் அமர்ந்தோர் மட்டுமே அக்குரலைக் கேட்க முடிந்தது. தட்டு வந்தது, தேநீர்க் கடையில் நின்றவனும் கேட்டான். பலருக்காகப் பிறந்த பொருளை ஒருவருக்காகப் பூட்டுவது, அதன் பிறப்பையே மறுப்பதாகும்.

* * *

அப்படியானால், சேகரிப்போர் அனைவரும் பழிக்கத்தக்கவரா? அல்லர். ஒரு பக்கத் தராசை மட்டும் பிடிப்பது பகுத்தறிவாகாது.

சேகரிப்போர் இல்லாவிடில் என்ன நேர்ந்திருக்கும்? “பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!” என்ற தெருக்குரலுக்கு எத்தனை வீட்டுக் கலைச்செல்வங்கள் பலியாயின என்பதை நாம் அறிவோம். இரண்டாம் உலகப்போரின்போது அரக்குத் தட்டுப்பாடு ஏற்பட, அமெரிக்காவில் பழைய இசைத்தட்டுகளைத் திரட்டிப் பொடித்து உருக்கிப் புதிய தட்டுகள் வார்த்தனர். அந்த உலையில் உருகிய குரல்கள் எத்தனையோ!

கிட்டப்பா 1933ஆம் ஆண்டு, தம் 27ஆம் வயதில் மறைந்தார். அந்தக் குரல் எப்படியிருந்தது என்று இன்று நாம் அறிவது எதனால்? யாரோ சிலர், பிறர் எறிந்த தட்டைத் துடைத்து எடுத்துவைத்ததனால்.

கோட்டையூர் ரோஜா முத்தையா என்பவர் கோடீசுவரர் அல்லர். பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். பழைய நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள், திருமண அழைப்பிதழ்கள் எனப் பிறர் குப்பை என்றவற்றையெல்லாம் சேர்த்தார். ஆராய வந்தோருக்குக் கதவு திறந்தார். 1992ஆம் ஆண்டு அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிற்று. ஆனால் கடல் கடத்திக் கொண்டு போகவில்லை. 1994ஆம் ஆண்டு சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. வூ-டாங் பேழைக்கும் கோட்டையூர் வீட்டுக்கும் உள்ள வேற்றுமையைக் காணுங்கள். அங்கும் பூட்டு உண்டு. இங்கும் பூட்டு உண்டு. சிறைக்கும் பூட்டு, களஞ்சியத்துக்கும் பூட்டு. யாருக்காகத் திறக்கிறது என்பதில்தான் வேற்றுமை.

ஆகவே, சேர்ப்பது தீதன்று. எவ்வாறு சேர்க்கிறோம், எதற்காகச் சேர்க்கிறோம் என்பதே கேள்வி. ஏலக்காரர் மூன்று தரம் கூவுகிறார் அல்லவா? அவ்வளவு நேரத்துக்குள் நாமும் நம்மை மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம்.

முதல் தரம்: இது வந்த வழி எது?

2008ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம், 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து நடராசர் செப்புத்திருமேனி ஒன்றை வாங்கியது. தாள்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. தாள்கள் மட்டுமே ஒழுங்காக இருந்தன! அது அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டது என்பது பின்னர் வெளியாயிற்று. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலிருந்த பழைய நிழற்படங்கள் உண்மையைக் காட்டின. 2014ஆம் ஆண்டு சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. அது வழிபடும் பொருளா அன்றா என்பதன்று இங்கே வழக்கு. ஓர் ஊர்மக்களின் பொதுச்சொத்து, ஊரார் உறங்கும்போது போயிற்று என்பதே வழக்கு. நூறாண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் காவல் நிற்கிறது. ஆனால் வாங்குவோர் ‘எங்கிருந்து வந்தது?’ என்று கேளாதவரை, திருடனுக்குச் சந்தை திறந்தே இருக்கும்.

இரண்டாம் தரம்: இதைச் செய்த கை எது?

காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள். தூண், கதவு, கண்ணாடி ஓவியம், பீங்கான் பூச்சுப் பாத்திரம் என்று மாளிகைகளின் எலும்புகள் கடைவாயிலில் குவிந்திருக்கும். விற்போரைப் பழிக்கவில்லை. ஒரு வீட்டுக்கு ஐம்பது பங்காளிகள் உரிமையாளராகிவிட்டால், கூரை ஒழுகும்போது செப்பனிடுவோர் யார்? ஆனால் அந்தத் தேக்கு எங்கிருந்து வந்தது? பர்மாவிலிருந்து. அந்தச் செல்வத்தில் பெரும்பகுதி எங்கே விளைந்தது? பர்மிய உழவனின் வயலில், வட்டிக் கணக்கில் விளைந்தது. 1930களின் முடிவில், கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார் வட்டிக்கடைகளின் கைக்கு வந்திருந்தது. 1942இல் சப்பானியப் படை புகுந்தது, பின்னர் நில உடைமை மாறிற்று, செல்வம் சரிந்தது, மாளிகை ஏலத்துக்கு வந்தது. தூணைத் தடவி ‘என்ன வழவழப்பு!’ என்று வியக்கிறோம். இழைத்த தச்சன் பெயர் அதில் இல்லை. கடனுக்கு நிலமிழந்த உழவன் பெயரும் இல்லை.

இசைத்தட்டும் அப்படியே. ‘அரக்கு’ என்றால் நமக்குப் பாரதக் கதையின் மாளிகை நினைவுக்கு வரும். 78 சுற்றுத் தட்டின் உயிரும் அந்த அரக்குதான். சோட்டா நாகபுரிக் காடுகளில், பலாசம் முதலிய மரங்களின் கிளையில் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. பழங்குடி மக்கள் சுரண்டி எடுத்தனர்; ஆலைகள் கற்பொடி கலந்து அழுத்தின. உலகமெங்கும் பாடிய குரல்கள் அந்தக் காட்டு மக்களின் உழைப்பின்மேல் சுழன்றன. 1948இல் அமெரிக்காவில் வினைல் நெடுந்தட்டு வந்தபின்னும், மின்சாரம் எட்டாத இந்திய ஊர்களில் கைச்சுற்றுப் பெட்டிகளே இருந்தமையால், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆலை 1960களின் நடுப்பகுதியிலும் அரக்குத் தட்டுகளை வார்த்தது. பீட்டில்ஸ் பாடல்களும் அவ்வாறு வந்தன. இன்று மேல்நாட்டுச் சேகரிப்போர் அந்த இந்தியத் தட்டுகளைப் போட்டியிட்டு வாங்குகின்றனர். நம் ஏழ்மை அச்சிட்ட தட்டு, அவர்களுக்கு அரும்பொருள்!

மூன்றாம் தரம்: இது யாரைச் சென்று சேரும்?

இதுவே கடினமான கேள்வி. ஏனெனில், ஓட்டினால் தட்டு தேயும் என்பது பொய்யன்று. எஃகு ஊசி பள்ளத்தில் உராய்கிறது. ஊசியும் தேய்கிறது, தட்டும் தேய்கிறது. அனைவரும் கேட்டால் அழியும். எவரும் கேளாவிட்டால் இருந்தும் இல்லை. என்ன செய்வது? முற்காலத்தோருக்கு இதற்கு விடை இல்லை. நமக்கு இருக்கிறது. ஒருமுறை நல்ல கருவியில் ஒலியை நகல் எடுத்துவிட்டால், தட்டு ஓய்வெடுக்கலாம். பாட்டு ஊர் சுற்றலாம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள்தான். 1930களின் தட்டுக்கு அந்தக் காவல் என்றோ முடிந்தது. இனி நடுவே நிற்பது சட்டமன்று. அலமாரி வைத்திருப்பவனின் மனம்!

* * *

நான்கு மாதம் கழித்து அந்த ஊருக்குப் பெட்டியுடனும் தட்டுடனும் மீண்டும் சென்றோம். ஊசிச்சிமிழையும் எடுத்துச் சென்றோம். மாளிகை இருந்த இடத்தில் கடைக்கால் மட்டுமே இருந்தது. மூதாட்டி மகளோடு போய்விட்டார் என்றனர். திருப்பூர் என்றார் ஒருவர். கோவை என்றார் மற்றொருவர். முகவரி அறிந்தவர் இல்லை. நாற்பதாண்டு அந்த ஊரில் உழைத்தவருக்கு ஊரில் ஒரு முகவரி இல்லை. அங்கே கிடந்த உடைந்த ஓட்டுக்குக்கூட விலை இருந்தது.

இப்போது அந்தப் பாட்டு நகலாகிவிட்டது. கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கிறோம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், பிள்ளைகளுக்குத் தட்டையே ஓட்டிக் காட்டுகிறோம். தேயட்டும்! மூன்று நிமிடம் பாடுகிறது. பெட்டியைச் சுற்றி நாற்பது தலைகள் நெருங்குகின்றன. பாடியவர் பெயரைச் சொல்கிறோம். அரக்கு சுரண்டியவரைப் பற்றிச் சொல்கிறோம். அடுப்படியில் நின்று கேட்டவரைப் பற்றியும் சொல்கிறோம். அவரிடம் பொய் சொன்னதையும் மறைப்பதில்லை. செய்த தவறு இதனால் அழிந்துவிடாது, அறிவோம். மீண்டும் செய்யாமலிருக்க இது உதவுகிறது.

இளைஞர்களே! ஏல மண்டபத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்கள், குப்பைக்குப் போவதைக் காப்பாற்றுங்கள், பழமையைப் படியுங்கள். ஆனால் சுத்தி விழுமுன், வந்த வழியைக் கேளுங்கள். செய்த கையை நினையுங்கள். சேரும் இடத்தை எண்ணுங்கள். பிறகு, வாங்கிய பொருளோடு வெளியே வரும்போது, வாயிற்படியில் யாரேனும் நின்று “ஒரு தரம்” என்று கேட்டால், சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்கள். ஊசி இருக்கும்.